பத்து லட்சம் சுற்று

2024 நவம்பர் 11, திங்கள், காலை 10.05. சுற்று: 0

சோதனையை ஓடவிட்டேன். ஒரு சுற்றுக்கு 0.8 விநாடி. மணிக்கு 4,500. பத்து லட்சம் முடிய ஒன்பது நாள், ஆறு மணி நேரம், பதின்மூன்று நிமிடம். 20ஆம் தேதி புதன்கிழமை மாலை 4.18க்கு முடியும். விசாரணை 25ஆம் தேதி. அவகாசம் இருக்கிறது.

இந்த நோட்டை எதற்கு வாங்கினேன் என்றால், முதலாளி குணசீலன் சார் காலையில் எல்லோரையும் நிற்க வைத்து, "ஆறுச்சாமி விஷயமா வாட்ஸ்அப்புலயோ மெயில்லயோ ஆரும் ஒரு வரி எழுதப்படாது. வக்கீல் கண்டிசனா சொல்லிப்போட்டாரு" என்றார். நோட்டைப் பற்றி வக்கீல் ஒன்றும் சொல்லவில்லை.

நடந்தது இது. அக்டோபர் 22, திருப்பூர் பக்கம் ஒரு சாயக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். சேறு அள்ள ஆறுச்சாமி என்பவர் தொட்டிக்குள் இறங்கினார். வயது 36. உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு. உயிரோடு மேலே வரவில்லை. இறங்குவதற்கு முன் தொட்டிக்குள் விட்டுப் பார்த்தது நாங்கள் செய்து விற்ற வாயு அளக்கும் கருவியை. அது 0 காட்டியது. 0 என்றால் வாயு இல்லை, இறங்கலாம் என்று அர்த்தம்.

கருவிக்குள் ஓடும் நிரலை எழுதியது நான். அதனால்தான் சோதனையும் என் தலையில். சார் சொன்னது: "பத்து லட்சம் வாட்டி ஓட்டிக் காமிச்சுப்போடு தம்பி. ஒரு தப்பும் இல்லீன்னா நம்ம மிஷின் மேல ஆரு விரல் நீட்டுவாங்க?"

நியாயமான கேள்வி.


நவம்பர் 11, மாலை 5.35. சுற்று: 33,750. தவறு: 0

வண்டி பஞ்சர். கோவை கணபதியில் இருக்கும் ஆபீஸிலிருந்து அறை வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும்.


நவம்பர் 12, செவ்வாய், மாலை 5.05. சுற்று: 1,39,500. தவறு: 0

நிரல் முழுவதையும் முதல் வரியிலிருந்து படித்தேன். 2,140 வரி. தவறு இல்லை.

ரஸ்ட் என்ற கணினி மொழியில் எழுதியது. மற்ற மொழிகளில் எழுதுபவர்கள் நினைவகத்தைத் தப்பாகத் தொட்டுவிட்டு ஓடும்போது சாவார்கள். ரஸ்ட்டில் நிரலைச் சரிபார்த்து மொழிபெயர்க்கும் கம்பைலர் முதலிலேயே கழுத்தைப் பிடித்துவிடும், ஓடவே விடாது. போன வருடம் சாரிடம் சண்டை போட்டு இந்த மொழிக்கு மாற்றியது நான்தான். "பாதுகாப்பான மொழி" என்று விளம்பரத் தாளில் போட்டுக்கொண்டார். கம்பைலர் ஒரு எச்சரிக்கைகூடக் கொடுக்கவில்லை.

மதியம் மெஸ்ஸில் கத்தரிக்காய்ப் பொரியல். பாதியில் எழுந்துவிட்டேன்.


நவம்பர் 13, புதன், மாலை 6.05. சுற்று: 2,52,000. தவறு: 0

விசாரணைக்கு வருபவர்களுக்குப் புரிகிற மாதிரி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லி வக்கீல் கேட்கிறார். இங்கே எழுதிப் பழகிக்கொள்கிறேன்.

கருவியின் வேலை ஒன்றே ஒன்று. சென்சாரைக் கேள், பதிலை வாங்கு, திரையில் காட்டு, அளவு மீறினால் அலறு. மறுபடி முதலிலிருந்து. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய ரஸ்ட்டில் மூன்று வழி இருக்கிறது. ஃபார் என்பது இத்தனை தடவை என்று எண்ணிச் செய்வது. எண்ணிக்கை முடிந்தால் தானாக நிற்கும். வைல் என்பது ஒரு நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை செய்வது. மூன்றாவது வெறும் லூப். அதற்கு எண்ணிக்கையும் கிடையாது, நிபந்தனையும் கிடையாது. உள்ளே எங்கேயாவது பிரேக் என்று எழுதியிருந்து, ஓட்டம் அந்த இடத்தைத் தொட்டால் வெளியே வரும். தொடாவிட்டால் பேட்டரி தீரும்வரை சுற்றும்.

முடிவில்லாத லூப் என்றதும் வக்கீல் பயந்துவிட்டார். பயப்பட ஒன்றும் இல்லை. கருவிக்குள் ஓடும் எந்த நிரலுக்கும் அடியில் அப்படி ஒரு லூப் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஒரு தடவை அளந்துவிட்டு நின்றுவிடும்.

எங்கள் நிரலில் வெறும் லூப் மூன்று இடத்தில் இருக்கிறது. ஒன்று அந்த அடி லூப். ஒன்று பேட்டரி பார்ப்பது. மூன்றாவது சென்சாரின் பதிலுக்குக் காத்திருப்பது. பதில் வந்தால் பிரேக். இரண்டரை லட்சம் தடவையும் பதில் வந்திருக்கிறது.

வக்கீலுக்குக் கொடுக்கும் தாளில் முதல் இரண்டைப் பற்றி மட்டும் எழுதப்போகிறேன். இடம் போதாது.


நவம்பர் 14, வியாழன், பகல் 1.05. சுற்று: 3,37,500. தவறு: 0

காலையில் ஒரு ஆள் கருவி ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். காலிபரேஷன், அதாவது அளவு சரிபார்க்கும் தேதி முடிந்துவிட்டது, பார்த்து ஸ்டிக்கர் ஒட்டித் தர வேண்டும் என்றார். வழக்கமான வேலைதான். சிலிண்டரிலிருந்து சோதனை வாயுவைக் காட்டினேன், சரியான எண் வந்தது, ஸ்டிக்கர் ஒட்டினேன். ரசீதில் எழுதப் பெயர் கேட்டேன்.

"கதிரேசனுங்க."

"எந்தக் கம்பெனி?"

சொன்னார். பேனா நின்றுவிட்டது.

"ஆறுச்சாமி எங்கண்ணனுங்க" என்றார். "எங்ககிட்ட ரெண்டு மிஷினு இருந்துச்சு. அந்த ஒண்ணை ஆபீசருங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க. இது இன்னொண்ணு."

நான் வருத்தம் தெரிவித்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் உட்காரவில்லை. அன்று என்ன நடந்தது என்று நான் கேட்கவும் இல்லை, அவராகச் சொன்னார்.

"கவுறுல கட்டி உள்ள உட்டு, சத்தமா நூறு எண்ணுவோமுங்க. எண்ணி முடிச்சுத் தூக்கிப் பாப்போம். அன்னிக்கும் நூறு எண்ணித்தான் தூக்குனோம். முட்டை காட்டுச்சு. பச்சை லைட்டு மினுக் மினுக்குனு அடிச்சுட்டுதான் இருந்துச்சு. அண்ணன் எறங்குனாரு."

"வேலை முடிஞ்சதும் கருவியை என்ன பண்ணுவீங்க?"

"பைப்புல காட்டிக் கழுவி ஆணில மாட்டிருவோமுங்க. சேறு ஒட்டிட்டு நாறுமில்லீங்களா."

"கழுவக் கூடாதுங்க. கையேட்டுல ஒம்பதாம் பக்கம் இருக்கு. தண்ணியே படக் கூடாது."

அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. உண்மையாகவே புரியாதது போல.

"ஏனுங்க, சாக்கடைக்குள்ள எறக்கற மிஷினுதானுங்க இது?"

ஸ்டிக்கர் காய்கிறதா என்று பார்த்தேன்.

"அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அதே தொட்டியச் சுத்தம் பண்றாங்க. அண்ணன் எடத்துல நாந்தான் எறங்கறேன். வேற ஆளு இல்லீங்க. இத நம்பி எறங்கலாமுங்களா?"

"நம்பலாம்" என்றேன்.

மூன்றே முக்கால் லட்சம் சுற்று ஓடி ஒரு தவறு இல்லை என்றும் சொன்னேன். இப்போது கணக்குப் பார்க்கிறேன். அந்த நேரத்தில் மூன்றேகால் லட்சம்தான் ஓடியிருக்கும். கூட்டிச் சொல்லிவிட்டேன்.


நவம்பர் 15, வெள்ளி, காலை 10.05. சுற்று: 4,32,000. தவறு: 0

வாட்ச்டாக் பற்றி வக்கீல் கேட்டார். யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

வாட்ச்டாக் என்பது கருவியின் சர்க்யூட் பலகையில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு டைமர். இரண்டு விநாடிக்கு ஒரு தடவை நிரல் அதைத் தட்டிக்கொடுக்க வேண்டும். தட்டாவிட்டால், நிரல் எங்கோ மாட்டிக்கொண்டது என்று முடிவு செய்து கருவியை அணைத்து மறுபடி கிளப்பும். நிரல் எழுதுபவன் தப்பு செய்வான் என்று தெரிந்து வன்பொருள்காரன் வைத்த காவல்.

எங்கள் கருவியில் இருக்கிறதா? இருக்கிறது. வேலை செய்கிறதா? செய்கிறது. அவ்வளவுதான் கேட்டார். அவ்வளவுதான் சொன்னேன்.

தொழிலில் ஒரு பேச்சு உண்டு: காவல் டைமரை எங்கிருந்து வேண்டுமானாலும் தட்டு, காத்திருக்கும் லூப்புக்குள் இருந்து மட்டும் தட்டாதே. நிரல் மாட்டிக்கொண்ட இடத்திலேயே நின்று "நான் நல்லாயிருக்கேன், நல்லாயிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். கல்லூரி முடித்து வருகிற எல்லோருக்கும் நான் முதல் நாள் சொல்லித் தருவது.

இதை ஏன் எழுதினேன் தெரியவில்லை.


நவம்பர் 16, சனி, மாலை 4.05. சுற்று: 5,67,000. தவறு: 0

சாரும் வக்கீலும் ஒரு மணி நேரம் பேசினார்கள். கழுவின விஷயம் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்றால், நான்தான் சொன்னேன். சார் என் தோளைத் தட்டினார். "இது போதும் தம்பி. உபயோகப்படுத்துனவன் தப்பு. மிஷின் தப்பு கெடையாது."

அந்த நிலையத்துக்கும் எங்களிடமிருந்து ஒரு கடிதம் போயிற்று. கருவியைத் தண்ணீரில் கழுவியது ஆறுச்சாமிதான் என்று அவர்களும் எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். குடும்பத்துக்கும் சொல்லியாகிவிட்டது.

சட்டப்படி சரி. ஒன்பதாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை எழுதியதும் நான்தான்.


நவம்பர் 17, ஞாயிறு

ஆபீஸ் போகவில்லை. எண்ணிக்கை பார்க்கவில்லை. துணி துவைத்தேன், நாலு சட்டை, ஒரு ஜீன்ஸ். முடி வெட்டிக்கொண்டேன். தலையில் தண்ணீர் அடிக்கும் பாட்டிலையே நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்து, "பொடுகு ஷாம்பு வேணுங்களா?" என்றார் கடைக்காரர்.


நவம்பர் 18, திங்கள், காலை 9.05. சுற்று: 7,51,500. தவறு: 0

ரோஸ்லினுடன் சண்டை. எங்கள் சோதனைப் பிரிவே அவள் ஒருத்திதான். தூத்துக்குடிக்காரி. எந்தெந்த நிலைமையில் கருவியைச் சோதிக்க வேண்டும் என்று பட்டியல் போடுவது அவள் வேலை. ஓட்டுவது இந்தத் தடவை மட்டும் என் வேலை.

"சபரீஷு, நான் பதினாலு ஐட்டம் போட்டிருந்தேன். நீ வக்கீலுக்கு அனுப்புனதுல பதிமூணுதான் இருக்கு."

"பதினாலு தேவையில்லை."

"ஈரம். அதத்தான தூக்கிட்ட?"

"கையேட்டுல தண்ணி கூடாதுன்னு இருக்கு. அப்ப அது சோதனை எல்லைக்குள்ள வராது."

"கையேடா சொல்லுது? நீதான சொல்லுத. அந்தக் கையேட்ட எழுதுனதே நீதான?"

"தண்ணி பட்டா கனெக்டர் போகும். அது என் தப்பு இல்ல, ஹார்டுவேர்."

"போகட்டும். சென்சார் வாய மூடிக்கிச்சுன்னா உன் புரோகிராம் என்ன செய்யும்? எரர்னு காட்டுமா, காட்டாதா? அத மட்டும் சொல்லு."

காட்டும் என்றேன்.

"பாத்தியா?"

"எனக்கு வேலை இருக்கு ரோஸ்லின்."

"ஏழு நாளா ஏசி ரூம்ல உக்கார வச்சு சுத்தமான காத்த மோந்து பாக்க வுட்டுருக்க. ஒரு ஊதுபத்தியும் கொளுத்தி வச்சிரு, சாமி ரூமா ஆயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பக்கத்து மேசையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

இவளுக்கு நிரல் எழுதத் தெரியாது. ஒரு லூப் கூட எழுதியதில்லை. ஆனால் கேள்வி கேட்கத் தெரிகிறது.


நவம்பர் 19, செவ்வாய், காலை 11.05. சுற்று: 8,68,500. தவறு: 0

பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தேன். நிரலில் எந்த வரியை யார், எந்தத் தேதியில் மாற்றினார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். எதையும் அழிக்க முடியாது.

ஜூன் 14, வெள்ளி, மாலை 6.42. மாற்றியவர்: சபரீஷ். சேர்த்தது: ஒரு வரி. குறிப்பு ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில் சொன்னால்: "தற்காலிகம். பிறகு எல்லை போட வேண்டும்."

அன்றைய நாள் நன்றாக நினைவிருக்கிறது. முதல் 50 கருவி மறுநாள் லாரி ஏற வேண்டும். புதிதாக வந்த சென்சார் சூடாகிப் பதில் சொல்ல நாற்பது விநாடி எடுத்தது. நிரல் காத்திருக்கும் லூப்பில் நின்றது. இரண்டு விநாடி ஆனதும் வாட்ச்டாக் கருவியை அணைத்துக் கிளப்பியது. மறுபடி காத்திருப்பு. மறுபடி அணைப்பு. ஐம்பது கருவியும் மேசை மேல் வரிசையாக நின்று அணைந்து அணைந்து எரிந்தன. சார் கதவருகே நின்று, "என்ன தம்பி, தீபாவளி மாதிரி மின்னுது?" என்றார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. சரியான வழி எனக்குத் தெரியும். லூப்பைத் தூக்கிவிட்டு ஃபார் போட வேண்டும், இத்தனை தடவை கேட்டும் பதில் இல்லையென்றால் வெளியே வந்து சிவப்பு விளக்கைப் போட வேண்டும், அதற்கேற்ற மாதிரி மற்ற ஐந்து இடங்களை மாற்ற வேண்டும், எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டும். இரண்டு நாள் வேலை. அதற்குப் பதில் காத்திருக்கும் லூப்புக்குள்ளேயே வாட்ச்டாக்கைத் தட்டும் ஒரு வரியைப் போட்டேன். மின்னுவது நின்றது. எல்லோரும் வீட்டுக்குப் போனோம்.

பச்சை விளக்கு தனி டைமரில் ஓடுகிறது. நிரல் எங்கே மாட்டிக்கொண்டாலும் அது சிமிட்டும். திரையில் கடைசியாக வந்த எண் அப்படியே நிற்கும். சுத்தமான காற்றில் ஆன் செய்திருந்தால் அந்தக் கடைசி எண் 0.

ஜூன் 14 முதல் அக்டோபர் 22 வரை 130 நாள். "பிறகு" வரவில்லை.

இவ்வளவும் உண்மை. ஆனால் அன்று அந்தக் கருவியில் அதுதான் நடந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. இதையும் எழுதி வைக்கிறேன்.


நவம்பர் 20, புதன், மாலை 4.18. சுற்று: 10,00,000. தவறு: 0

முடிந்தது. சார் மைசூர்பா வாங்கி வந்தார். எல்லோரும் என் மேசையைச் சுற்றி நின்று எண் மாறுவதைப் பார்த்தார்கள். ஏழு இலக்கம் வந்ததும் கை தட்டினார்கள். ரோஸ்லின் அவள் இடத்தைவிட்டு எழவில்லை.

சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன். "சோதனை செய்தவர்" என்ற இடத்தில். சார் அதை வக்கீலுக்கும் திருப்பூர் நிலையத்துக்கும் போனிலேயே அனுப்பினார். எழுதக் கூடாது என்றுதான் சொல்லியிருந்தார். படம் அனுப்பலாம் போல.


நவம்பர் 21, வியாழன், மாலை. சுற்று: 7

காலை 8.20க்கு ஆபீஸில் யாரும் இல்லை. புதுக் கருவி ஒன்றை எடுத்து ஆன் செய்தேன். கழிவறைக் குழாயில் காட்டினேன், அவர் சொன்ன மாதிரியே, சேற்றைக் கழுவுவது போல. உதறினேன். மேசைக்குக் கொண்டுவந்து எண்ணிக்கை காட்டும் கம்பியை மாட்டினேன்.

ஒன்று, இரண்டு, மூன்று. ஏழில் நின்றது.

எட்டுக்குக் காத்திருந்தேன். பதினைந்து நிமிடம். திரையில் 0. பச்சை சிமிட்டிக்கொண்டே இருந்தது. சோதனை வாயுவை முழுதாகத் திறந்து கருவியின் மூக்கான சென்சாரில் காட்டினேன். 0. பச்சை.

பத்து மணிக்கு சார் வந்ததும் அறைக்குள் போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும். ஜூன் 14ஐயும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"ஆருக்கெல்லாம் தெரியும்?"

"உங்களுக்கும் எனக்கும்."

"திங்கக்கிழமை விசாரணை முடியட்டும் தம்பி. அதுக்கப்புறம் சர்வீஸ்னு சொல்லி ஒவ்வொண்ணா வாங்கி மாத்திப்போடலாம். வித்தது இருநூத்திப் பன்னெண்டுதான? இங்க பத்தொம்பது பேரு சோறு திங்கறாங்க. நீயும்தான்."

"நாளைக்கு அந்தத் தொட்டியில இறங்கறாங்க சார். அவரோட தம்பி. நான் ஸ்டிக்கர் ஒட்டின கருவியை வெச்சு."

"அதைக் கழுவியிருக்க மாட்டாங்க. இவ்வளவு ஆன பொறகு கழுவுவாங்களா?" அவர் குரலே அவரை நம்பவில்லை. "போயி வேலையப் பாரு."

போய் வேலையைப் பார்த்தேன். மூன்று மணிக்கு ரசீதில் இருந்த எண்ணுக்கு அடித்தேன். எடுத்தது நிலையத்தின் சூப்பர்வைசர்.

"நாளைக்கு வேலை இருக்குங்களா?" என்றேன்.

"இருக்குதுங்க. உங்க சர்டிபிகேட்டு வந்துருச்சு. பத்து லட்சமுங்களா! கதிரேசங்கிட்டக் காமிச்சேன், அப்பறந்தான் அவனுக்குத் தெம்பே வந்துச்சு. சொல்லுங்க, என்ன விசயம்?"

சும்மாதான் கேட்டேன் என்று வைத்துவிட்டேன்.

மேலே உள்ள வரியை நாலு தடவை படித்தேன். அதை அடிக்காமல் விடுகிறேன்.


நவம்பர் 22, வெள்ளி, பகல் 2.40

காலை ஆறரைக்குக் கிளம்பினேன். அவிநாசி தாண்டி லாரி கவிழ்ந்து பாதை அடைத்துக் கிடந்தது. நிலையத்தின் கேட்டில் நுழைவுச் சீட்டு இல்லாமல் விட மாட்டேன் என்றார் வாட்ச்மேன். சான்றிதழில் இருக்கும் ஆள் நான்தான் என்று போனில் காட்டினேன். விட்டார். அந்தத் தாள் அதற்கு உதவியது.

தொட்டியருகே ஐந்து பேர். கதிரேசன் இடுப்பில் பெல்ட் மாட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கயிறு உள்ளே இறங்கியிருந்தது. சூப்பர்வைசர் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தார். எண்பத்தேழு, எண்பத்தெட்டு. நான் "நிறுத்துங்க" என்று கத்தியதற்கு யாரும் திரும்பவில்லை. நூறு வரை எண்ணிவிட்டுத்தான் திரும்பினார்கள். கயிற்றைத் தூக்கினார்கள். 0. பச்சை.

"முட்டைதானுங்க. நீங்களே பாருங்க" என்று சூப்பர்வைசர் என்னிடம் நீட்டினார்.

வாங்கினேன். என்ன பேசுவது என்று வழி முழுக்க யோசித்து வந்திருந்தேன். அதை விட்டுவிட்டுக் கருவியைத் திருப்பினேன். கருவியின் அடியில் சென்சாரோடு போகும் கேபிள் இருக்கிறது. அதைத் திருகிக் கழற்றினேன். சென்சாரை ஒரு கையிலும் கருவியை ஒரு கையிலும் பிடித்து அவர்கள் முன்னால் நீட்டினேன். மூக்கு தனியாக, முகம் தனியாக.

திரையில் 0. பச்சை விளக்கு சிமிட்டியது.

  இந்தச் சோதனைக்கு ஐந்து விநாடி போதும். நான் ஒன்பது நாள் ஆறு மணி நேரம் பதின்மூன்று நிமிடம் ஓட்டினேன்.

"அதெப்படிங்க?" என்றார் சூப்பர்வைசர். "புடுங்கிப்போட்டும் முட்டை காட்டுது?"

"சென்சார் பதில் சொல்லாட்டியும் இது காத்துக்கிட்டே இருக்கும். காத்துக்கிட்டு இருக்கறது வெளிய தெரியாது. தண்ணி பட்டாலும் இதேதான்."

கதிரேசன் விளிம்பிலிருந்து எழுந்து வந்தார். பெல்ட்டைக் கழற்றவில்லை. கருவியைத் தொடாமல் பார்த்தார்.

"இது எப்ப இருந்துங்க இப்பிடி?"

"ஜூன் பதினாலு."

"ஆரு பண்ணுனது?"

"நான்."

"அன்னிக்கு ஆபீசுல கேட்டனே. நம்பலாம்னீங்க."

"ஆமா."

"அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமுங்களா?"

தெரியாது என்ற சொல் வாய் வரை வந்தது. ஆதாரம் இல்லை, உறுதியாகத் தெரியாது, சோதிக்கவில்லை. எல்லாமே உண்மையான வாக்கியங்கள்.

"தெரியும்" என்றேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். கூட இருந்தவர் ஒருவர் முன்னால் வந்தார், கதிரேசன் கையை நீட்டித் தடுத்தார். பெல்ட்டின் கொக்கியைக் கழற்ற முயன்றார். மூன்று தடவை வழுக்கியது. வேறு யாரோ கழற்றிவிட்டார்கள்.

"எங்கண்ணி ஒரு மாசமா அழுதுட்டுக் கெடக்குதுங்க" என்றார். "இந்த ஒரு வாரமா செத்ததுக்கு மட்டும் இல்ல. கழுவாதன்னு எழுதியிருந்தும் இந்தாளு கழுவி வெச்சாரு, தன்னையத் தானே கொன்னுட்டாருன்னு. புள்ளைகளுக்கும் அதையேதான் சொல்லுது, உங்கப்பன் கூறுகெட்டவன்னு. நீங்க எழுதிக் குடுத்த காயிதத்தப் பாத்துட்டு."

"நான் வந்து சொல்றேன்."

"வந்து சொல்லோணும்" என்றார். "போனுல இல்ல."

கருவியை அவரே துண்டில் சுற்றி என் கையில் கொடுத்தார். தொட்டியை மூடச் சொல்லி சூப்பர்வைசர் ஆளை விரட்டினார். நான் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். குணசீலன் சாரிடமிருந்து பதினோரு மிஸ்டு கால்.

செய்ய வேண்டியவை:

1. சாரைக் கூப்பிட்டு, எங்கே இருக்கிறேன், என்ன சொன்னேன் என்று சொல்வது. அனுமதி கேட்கக் கூடாது.

2. இந்தக் கருவியைத் திறக்கக் கூடாது, நிரலை மாற்றக் கூடாது. திங்கள்கிழமை விசாரணையில் இப்படியே ஒப்படைப்பது. கூடவே ஜூன் 14 பதிவின் அச்சு.

3. சான்றிதழில் பதினாலாவது சோதனையை நீக்கியது நான், தெரிந்தே நீக்கினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது.

4. விற்ற 212 கருவியில் இந்த நிலையத்தின் இரண்டு தவிர மீதி 210. வாங்கியவர்கள் எல்லோரையும் இன்றே கூப்பிடுவது. விளக்கம் வேண்டாம். "கேபிளைக் கழற்றிப் பாருங்கள். 0 அப்படியே நிற்கும். யாரையும் இறக்காதீர்கள்."

5. பதிவேட்டில் போன் எண் இல்லாதவர்கள் 38. ஊர்ப் பெயர் மட்டும் இருக்கிறது. நேரில் போவது.

6. லூப்பை எடுத்துவிட்டு ஃபார். ஐம்பது தடவை கேட்டும் பதில் இல்லையென்றால் வெளியே வந்து சிவப்பு விளக்கு, அலறல். முடித்ததும் ரோஸ்லின் கையில் கொடுத்து, தண்ணீர் ஊற்றச் சொல்வது. நான் பக்கத்தில் நிற்கக் கூடாது.

7. ஆறுச்சாமியின் மனைவியிடம் நேரில் போய், உங்கள் கணவர் கழுவியதில் தப்பில்லை என்று சொல்வது. பெயர் தெரியாது, கதிரேசனிடம் கேட்க வேண்டும். அவர் இன்னும் கேட்டுக்குள்தான் இருக்கிறார். இது ஒன்றாம் எண்ணில் இருந்திருக்க வேண்டும். பட்டியலைத் திருத்தி எழுத நேரமில்லை, இப்போதே போகிறேன்.